மஞ்சள் போடாத குழம்பு

தில்லையம்மாக்கா வெளிநாட்டுக்காரர் யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான் கேட்பாள். “உங்க ஊர்ல குழம்பு இன்னா கலரு?” அதை இங்கிலீஷில் திருப்பிச் சொல்ல வேண்டியது என் தலையெழுத்து.

ஏகாம்பரநாதர் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில் நின்றுகொண்டு, பல்லவர் கதையைப் பாதி தெரிந்ததும் பாதி நானே கட்டியதுமாக அவிழ்த்து விட்டுக்கொண்டிருப்பேன். வந்தவர்கள் அண்ணாந்து பார்க்கும் நேரமாகப் பார்த்து, வேர்க்க விறுவிறுக்க இவள் வந்து நிற்பாள். கையில் பாதி சுற்றிய தார்க்குச்சி இருக்கும். தறிக்கு ஊடை நூல் சுற்றுகிற குச்சி அது. அதைக் கீழே வைத்துவிட்டு வரக்கூடப் பொறுமை கிடையாது. பிள்ளையார்பாளையத்திலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்திருப்பாள். “கேளுப்பா துரைக்கண்ணு, கேளு, போயிடப் போறாங்க” என்று என் சட்டையைப் பிடித்து இழுப்பாள்.

என் ஊர் முசரவாக்கம். ஒன்றரை ஏக்கர் நிலம், நாலு அண்ணன் தம்பிகள், ஆளுக்கு ஒரு வரப்புதான் மிஞ்சும். பி.யு.சி.யில் கோட்டை விட்டுவிட்டு 1970இல் காஞ்சிபுரம் வந்து கைடு வேலையில் ஒட்டிக்கொண்டேன். கோயிலைக் காட்டி, ஒரு தறியைக் காட்டி, கடைசியில் ஆட்களைப் பட்டுக்கடைக்குள் தள்ளிவிட வேண்டும். அவ்வளவுதான் பிழைப்பு. தறி காட்டுவதற்கு எனக்கு இடம் கொடுத்தவர் உமாபதி. தில்லையம்மாக்காவின் கொழுந்தன். அதனால் அக்கா வந்து என் சட்டையை இழுத்தால் நான் முறைக்க முடியாது. மனசுக்குள் திட்டிக்கொண்டே கேட்பேன்.

முதலில் பைத்தியம் என்றுதான் நினைத்தேன். நான் மட்டுமா, ஊரே அப்படித்தான் நினைத்தது. ஒரு வருஷம் கழித்துத்தான் உமாபதி எனக்கு விஷயத்தைச் சொன்னார். அக்காவுக்குத் தெரிய வேண்டியது குழம்பு அல்ல. புருஷன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்பது.

புருஷன் பெயர் கலியாணசுந்தரம். மூன்று தலைமுறையாகத் தறிக்குழியில் கால் விட்ட குடும்பம். இவனுக்கு மட்டும் குழியில் கால் விட்டால் ஜெயிலில் போட்ட மாதிரி இருக்கும். அரை முழம் நெய்வான், எழுந்து தெருவுக்குப் போவான். ஆனால் அடுப்பங்கரையில் விட்டால் அசைய மாட்டான். கல்யாணச் சமையலுக்குப் போய்ப் போய்ப் பழகி, 1959இல் பாண்டிச்சேரிக்குப் போனான். அங்கே ஒரு பிரெஞ்சு அதிகாரி வீட்டில் சமையல் வேலை. மாசம் ஒரு தடவை வருவான். திரும்பும்போது அக்கா உருட்டிக் காயவைத்த வடகத்தை ஒரு டப்பா எடுத்துக்கொண்டு போவான்.

வடகம் என்றால் பொரித்துத் தின்கிற வற்றல் இல்லை. எங்கள் பக்கத்துத் தாளிப்பு வடகம். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம், கறிவேப்பிலை எல்லாம் இடித்து, விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து, உருண்டை பிடித்துப் பத்துப் பதினைந்து நாள் சித்திரை வெயிலில் காயவைப்பது. ஒரு உருண்டையை உதிர்த்து எண்ணெயில் போட்டால் தெருக்கோடிக்குத் தெரியும், இன்றைக்கு இந்த வீட்டில் குழம்பு என்று. இதில் மஞ்சள்தூள் போடாத வீடு கிடையாது.

இந்த வீடு ஒன்றைத் தவிர. அது எப்படி என்றால், அக்கா கல்யாணமாகி வந்த முதல் கோடையில் மஞ்சள் போட்டுத்தான் உருட்டினாள். முற்றத்தில் ஒரு பக்கம் பாயில் வடகம், இன்னொரு பக்கம் மூங்கில் கழியில் முகூர்த்தச் சேலைக்கான பட்டு நூல், நல்ல சந்தன நிறம். ஒரு காக்கை வந்து ஈரம் காயாத உருண்டையைத் தூக்கிக்கொண்டு பறந்து, வாய் நழுவி நேராக நூல் மேல் போட்டது. விளக்கெண்ணெயும் மஞ்சளும் சேர்ந்து பட்டில் ஏறினால் எந்தச் சீயக்காய்க்கும் போகாது. அத்தனை நூலும் வீண். மாமனார் அடிக்கவில்லை, ஒரு வார்த்தை வையவும் இல்லை. “மஞ்சள் மூஞ்சில இருக்கட்டும்மா, கையில வேணாம்” என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து அந்த வீட்டில் வடகத்துக்கும் மஞ்சள் கிடையாது, குழம்புக்கும் கிடையாது. ருசி மொட்டையாக இருக்கிறதே என்று அக்கா அடுத்த வருஷம் சுக்கை இடித்துச் சேர்த்தாள். குழம்பு கருஞ்சிவப்பாக, சுக்குக் காரத்தோடு இருக்கும். கலியாணசுந்தரத்துக்கு அதன் மேல் உயிர். வேறு எந்தக் குழம்பையும் காமாலை பிடித்த குழம்பு என்பானாம்.

1962 ஆடி மாதம், பாண்டிச்சேரியைக் காகிதப்படியும் ஒப்படைத்துவிட்டு மிச்சமிருந்த வெள்ளைக்காரர்களும் கிளம்பினார்கள். அதிகாரி இவனையும் கூட்டிக்கொண்டு கப்பலேறினார். இரண்டே வருஷம் என்று சொல்லிவிட்டுப் போனான். கொழும்பிலிருந்து ஒரு கார்டு வந்தது. அதை அக்கா என்னிடம் காட்டியிருக்கிறாள், மடிப்பில் கிழிந்து ஒட்டுப்போட்டது. “கப்பலில் நம் வீட்டுக் குழம்பு வைத்தேன். எல்லோரும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். ஏன் மஞ்சளாக இல்லை என்றார்கள். எங்கள் வீட்டில் இப்படித்தான் என்றேன்.” அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒரு எழுத்து இல்லை.

அக்கா மூன்று தடவை பாண்டிச்சேரி போனாள். அந்த வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். அதிகாரியை ஆப்பிரிக்காவுக்கு மாற்றிவிட்டார்கள் என்றார் ஒருவர், ஏதோ தீவு என்றார் இன்னொருவர், பிரான்சுக்கே போய்விட்டார் என்றார் மூன்றாமவர். உலகத்தில் எங்கே என்று தேடுவது? அக்காவிடம் இருந்தது ஒரே ஒரு அடையாளம். அவன் எங்கே இருந்தாலும் குழம்பு வைப்பான். வைத்தால் மஞ்சளாக இருக்காது.

அதனால்தான் அந்தக் கேள்வி.

நம் ஊரில் கறி என்றால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி. மற்றதற்கெல்லாம் தனித்தனிப் பெயர் உண்டு. வெளிநாட்டுக்காரனுக்கு அப்படியில்லை, சட்டியில் கொதிப்பதெல்லாம் கறி. நம் வீட்டிலிருந்து போன சாமான் எங்கெங்கேயோ குடித்தனம் பண்ணி, என்னென்ன வேஷமோ கட்டிக்கொண்டிருப்பது எனக்கே அக்காவுக்காகக் கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்தது.

இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு வயதான தம்பதி சொன்னார்கள். அங்கே தகர டப்பாவில் கறிப்பொடி விற்குமாம். மீந்துபோன இறைச்சியை அதில் போட்டு, மாவு கரைத்து ஊற்றி, ஆப்பிளும் உலர்ந்த திராட்சையும் சேர்ப்பார்களாம். மேலே வாழைப்பழ வில்லை. “குழம்புலயா வாயப்பயம்?” என்று அக்கா வாயில் கை வைத்தாள். உடனே, “கலரு?” மஞ்சள். “அப்ப இல்ல” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். அந்த அம்மா பாவம், ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று என்னைப் பார்த்தாள்.

போதிதர்மர் ஊர் என்று பார்க்க வந்த ஜப்பான்காரர்கள், கறி எங்கள் ஊர்ச் சாப்பாடு என்று அடித்துச் சொன்னார்கள். இந்தியாவிலிருந்து வந்ததாயிற்றே என்றேன். அவர்களுக்குக் கொஞ்சம் வருத்தம். இங்கிலீஷ்காரன் கொண்டுவந்து கொடுத்தானாம், இப்போது அவர்களுடையதாம். களி மாதிரி கெட்டியாக, உருளைக்கிழங்கும் கேரட்டும் போட்டு, சோற்றின் மேல் ஊற்றாமல் பக்கத்தில் ஊற்றிக் கரண்டியால் சாப்பிடுவார்கள். பழுப்பும் மஞ்சளும் கலந்த நிறம். பழுப்பு என்றதும் அக்கா இரண்டடி முன்னால் வந்தாள். “மஞ்சள் போடுவாங்களா இல்லியா, அத கேளு.” போடுவார்கள். அக்கா இரண்டடி பின்னால் போனாள்.

மலேயாவிலிருந்து கல்யாணப் புடவை எடுக்க வந்த தமிழ்க்காரர்கள் தேங்காய்ப்பால், ஏதோ வாசனைப் புல் என்றார்கள். ஜடை வளர்த்த ஒரு ஜெர்மன்காரன், வறுத்த இறைச்சிக் குழலின் மேல் தக்காளிச் சாறை ஊற்றிக் கறிப்பொடியைத் தூவித் தெருவில் நின்றுகொண்டே தின்போம் என்றான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்கா சிரிக்கவில்லை. “பொடி இன்னா கலரு?”

தென்னாப்பிரிக்காவில் டர்பன் என்ற ஊரில் பிறந்த ஒருவர் வந்தார். நம் ஆள்தான், தாத்தாவின் அப்பா கரும்புத் தோட்டத்துக்குப் போனவர். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது, ஆனால் காவடி எடுப்பார். அங்கே ரொட்டியைப் பாதியாக வெட்டி, உள்ளே குடைந்து, அந்தக் குழியில் கறியை ஊற்றிக் கொடுப்பார்களாம். தட்டே வேண்டாம். அக்கா இதைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். மறுநாள் காந்தி ரோட்டு பேக்கரியில் ரொட்டி வாங்கி, குடைந்து, மொச்சைக் குழம்பை ஊற்றித் தறியில் இருந்த உமாபதியிடம் நீட்டினாள். மனிதர் ஒரு கையில் பிடித்துக்கொண்டு தின்றார். இன்னொரு கையில் ஒரு சொட்டு படவில்லை. நெசவுக்காரனுக்கு இதைவிடச் சௌகரியம் உண்டா?

“நல்லாத்தான் இருக்குது அண்ணி” என்றார். பிறகு மெதுவாக, “இதெல்லாம் எதுக்கு அண்ணி?”

“அவரு அந்த ஊர்ல இருந்தா இதத்தானே துன்னுக்கினு இருப்பாரு. எப்பிடி இருக்குதுன்னு பாக்க வேணாமா?”

உமாபதி மிச்ச ரொட்டியைத் தின்று முடித்தார். இங்கிலாந்துக் குழம்பையும் அக்கா விடவில்லை. பிள்ளையார்பாளையத்தில் ஆப்பிளுக்கு எங்கே போவது? கொய்யாக்காயைப் போட்டாள். அன்றைக்கு நான் சாப்பிட வரவில்லை என்று சொல்லிவிட்டுத் திருப்புட்குழிப் பக்கம் ஓடிவிட்டேன்.

சிரித்துப் பேசுகிறேனே தவிர, அந்த வருஷங்களில் அக்காவைப் பார்க்கவே எனக்குப் படபடப்பாக இருக்கும். அவளால் உட்கார முடியாது. சோறு தின்பதும் நின்றுகொண்டுதான். குத்துக்காலிட்டுத் தார் சுற்றிக்கொண்டிருக்கும்போதே தலை வாசல் பக்கம் திரும்பும். டூரிஸ்ட் பஸ் ஹாரன் கேட்டால் நூலை அறுத்துக்கொண்டு எழுவாள். ஒரே நாளில் பெரிய காஞ்சிபுரத்துக்கும் வரதராஜர் கோயிலுக்கும் நாலு தடவை நடப்பாள். செருப்பு போட்டுப் பழக்கமில்லை, உள்ளங்காலெல்லாம் பாளம் பாளமாக வெடித்திருக்கும்.

இதில் ஒரு கெடு வேறு இருந்தது. காணாமல் போனவனைப் பற்றிப் பன்னிரண்டு வருஷம் தகவல் இல்லையென்றால், தர்ப்பையால் ஓர் உருவம் செய்து கொளுத்திக் காரியம் செய்துவிட வேண்டும். அப்புறம் அவன் செத்தவன் கணக்கு. பெண்டாட்டி தாலியைக் கழற்ற வேண்டும். 1974 ஆடி அமாவாசைக்குப் பன்னிரண்டு முடிகிறது. உமாபதி கெட்ட மனிதர் இல்லை. அண்ணன் கனவில் வந்து தண்ணீர் கேட்கிறான் என்று பயந்துபோயிருந்தார். “செத்திருந்தா அது வாய்க்கு ஒரு வா தண்ணி கூட வுடலயே அண்ணி” என்று அழுவார். “உயிரோட இருந்தா?” என்று அக்கா திருப்பிக் கேட்பாள்.

1974 மாசியில் ஒரு பிரெஞ்சுக்கார டீச்சரம்மா வந்தாள். மிரேய் என்று பெயர். எனக்குத் தெரிந்த அளவுக்கு இங்கிலீஷ் அவளுக்கும் தெரியும், அதாவது தட்டுத்தடுமாறி. உமாபதி வீட்டுக்குத் தறி காட்டக் கூட்டிப்போனேன். தறியைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அக்கா வந்தாள். கேள்வி வந்தது. எத்தனை தடவைதான் கேட்பது என்ற அலுப்போடு நானும் கேட்டேன்.

“மஞ்சள்தான்” என்றாள் மிரேய். நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். அவள் கையைத் தூக்கித் தடுத்தாள். “இல்லை, எங்கள் ஊரில் ஒரு கடை இருக்கிறது. துறைமுகத்துப் பக்கம் சின்னச் சாப்பாட்டுக் கடை. வியாழக்கிழமை மட்டும் கறி. அது மஞ்சளாக இருக்காது. கறுப்புக்குப் பக்கமான சிவப்பு. உள்ளே கருகின மாதிரித் துணுக்குகள் கிடக்கும்.”

அவள் ஊர்ப்பெயர் என் வாயில் நுழையவில்லை, ஆவ்ர் என்று முடியும். நான் அக்காவிடம் சொல்லி முடிப்பதற்குள் அவள் அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். எண்ணெய் காய்கிற வாசனை வந்தது. ஒரு வடக உருண்டையை உதிர்த்துப் போட்டிருக்கிறாள். வீடு முழுக்கப் புகை. மிரேய் கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். பிறகு கண்ணைத் திறந்து, “இதுதான்” என்று தன் பாஷையிலேயே கத்தினாள். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

“யாரு சமைக்கிறாங்க? கேளுப்பா! யாரு?”

கேட்டேன். மிரேய் சொன்னாள். “ஓர் இந்தியர். நாற்பத்தைந்து வயசு இருக்கும். பெயர் தெரியாது, உள்ளேயேதான் இருப்பார். அவர் மனைவிதான் முன்னால் கல்லாவில் உட்கார்ந்திருப்பாள், எங்கள் ஊர்ப் பெண். இரண்டு குழந்தைகள். பெரிய பெண் ரொட்டிக் கூடை எடுத்துக்கொண்டு வருவாள், ரொம்ப அழகு.”

அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். கையில் கரண்டி இருந்தது, எண்ணெய் அவள் காலில் சொட்டியது அவளுக்குத் தெரியவில்லை. நான் சொன்னேன்: “ஒரு இந்தியராம்க்கா. நாப்பத்தஞ்சு வயசாம். பேரு தெரியாதாம்.”

மிச்சத்தை முழுங்கிவிட்டேன். எத்தனையோ பல்லவர் கதை கட்டியிருக்கிறேன், ஒன்றுக்கும் வருத்தப்பட்டதில்லை. இது ஒன்றுக்குத்தான் இன்று வரை வருத்தப்படுகிறேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லத் தைரியம் வரவில்லை, அதுதான் நிஜம்.

அக்கா அவசரப்படவில்லை, அதுதான் ஆச்சரியம். “அவருகிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம்னு சொல்லு. மொதல்ல அந்த வடகத்துல கொஞ்சம் வாங்கி அனுப்பட்டும். வேற யாராச்சும் ஒருத்தரா இருந்தா? நான் வாயில போட்டுப் பாக்கணும்.” மிரேய் சத்தியம் பண்ணாத குறையாக ஒப்புக்கொண்டாள். பட்டுக்கடை விலாசத்தில் என் பெயருக்கு அனுப்பச் சொன்னேன்.

அதற்கப்புறம் நாலு மாசம். அக்கா முன்னைவிட மோசமாகிவிட்டாள். நடை ஓட்டமாயிற்று. காலையும் மாலையும் கடைக்கு வந்து தபால் வந்ததா என்று கேட்பாள். நேற்றுத்தானே கேட்டாய் என்று எரிந்துவிழுவேன். எரிந்துவிழுவது அவள் மேல் இல்லை, என் மேல். ஒவ்வொரு நாளும் சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பேன். அவள் புதிதாகப் பூ வைத்துக்கொண்டிருப்பாள். உமாபதிகூட, “ஆடி வரைக்கும் பாப்போம் அண்ணி” என்று சிரித்த முகமாகச் சொல்ல ஆரம்பித்திருந்தார்.

ஆனி மாசம் பார்சல் வந்தது. ஒரு பிஸ்கெட் டப்பா, கூடவே கடிதம். அக்கா வீட்டில் உட்கார்ந்து படித்துக் காட்டினேன். “அவர்கள் இதை வெயில் காலத்தில் கடைக்குப் பின்னால் செய்கிறார்கள், வீட்டில் எல்லோரும் சேர்ந்து. நீங்கள் சொன்னபடி நான் ஒன்றும் சொல்லவில்லை.” வீட்டில் எல்லோரும் என்பதை மறுபடியும் முழுங்கினேன். முழுங்கிப் பழகிவிட்டது.

அக்கா டப்பாவைத் திறந்து முறத்தில் கொட்டினாள். ஒரு உருண்டையைக் கிள்ளி நாக்கில் வைத்தாள். “சுக்கு” என்றாள். பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. “சுக்கு இருக்குதுப்பா. மஞ்சள் இல்ல. அவருதான். அவருதாம்பா!” என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள்.

பிறகு அவள் உருண்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க ஆரம்பித்தாள். வடக உருண்டை பிடித்தவர் விரலைக் காட்டிக்கொடுத்துவிடும். ஈரத்தில் அழுத்தின இடம் அப்படியே காய்ந்து நிற்கும். அக்கா முறத்தில் மூன்று குவியலாகப் பிரித்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பதை நான் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன்.

“இது அவரு கை” என்றாள். “உருட்ட வராது. கட்ட விரலால ஒரு அமுக்கு அமுக்கிட்டு உட்டுடுவாரு.” இரண்டாவது குவியலைத் தொட்டாள். “இது பொம்பள கை.” மூன்றாவதிலிருந்து ஒன்றை எடுத்தாள். கொட்டைப்பாக்கு அளவுதான் இருந்தது, மேலெல்லாம் சின்னச் சின்னக் குழி. அதில் தன் சுண்டு விரலை வைத்துப் பார்த்தாள். அதற்குக்கூட இடம் போதவில்லை. “இது இன்னாபா துரைக்கண்ணு?”

நான் கடிதத்தை மடித்தேன்.

“கொழந்த கை” என்று அவளே சொன்னாள். “எத்தினி கொழந்தைங்க?”

“ரெண்டுக்கா.”

“எப்ப சொன்னாங்க?”

“மாசியில.”

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். “நாலு மாசமா வயித்துல வச்சிக்கினு திரிஞ்சியா?” என்று மட்டும் கேட்டாள். அதில் கோபத்தைவிட இரக்கம்தான் இருந்தது. அதை என்னால் தாங்க முடியவில்லை, எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது உருண்டைகளை டப்பாவில் போட்டு மூடியிருந்தாள். உமாபதி தறியை விட்டு ஏறி வந்து ஆவலாக நின்றார். “இன்னா அண்ணி, அண்ணன்தானா?”

“இல்லப்பா” என்றாள் அக்கா. “வேற யாரோ. இதுல சுக்கே இல்ல. ஆடி அமாவாசைக்கு ஏற்பாடு பண்ணு.”

உமாபதி அங்கேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். அவர் போனபின் நான் அக்காவிடம் சண்டை போட்டேன். “உயிரோட இருக்கறவருக்காக்கா காரியம் பண்ணப் போற? ஒரு லெட்டர் போடு, நான் எழுதறேன். நாலு கேள்வி நாக்கப் புடுங்கற மாதிரி கேக்கறேன். அந்த ஆளுக்கு ஒரு வெக்கம் வேணாமா?”

“எழுதனா? வந்துடுவாரா? வந்தா அந்தக் கொழந்த கை இன்னா பண்ணும்? அதும் அப்பன நான் இழுத்துக்கினு வரணுமா?” டப்பா மூடியை இறுக்கி அழுத்தினாள். “பன்னெண்டு வருஷமா ரோடு ரோடா சுத்தனேன். இருக்காரா இல்லியான்னு தெரியாமத்தான் சுத்தனேன். இப்ப தெரிஞ்சிபோச்சு. காணாமப் போனவரு பொண்டாட்டியா இருக்கறதுக்கு, செத்தவரு பொண்டாட்டியா இருந்துட்டுப் போறேன். இந்த ஆத்தாமைய இன்னும் என்னால தூக்கிக்கினு நடக்க முடியாது துரைக்கண்ணு. காலு வலிக்குது.”

பிறகு, கடிதம் எழுதத்தான் வேண்டும், ஆனால் மிரேய்க்கு என்றாள். கடைச் சமையல்காரரிடம் சொல்லச் சொல்லி ஒரே வரி. “வடகம் வந்து சேர்ந்தது. சுக்கு கொஞ்சம் கம்மி.” வேறு எதையும் சேர்க்கக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். என் மேல் அவளுக்கு இருந்த நம்பிக்கை அவ்வளவு.

ஆடி அமாவாசையன்று பாலாற்று மணலில் காரியம் நடந்தது. ஆற்றில் தண்ணீர் ஏது, மணலைத் தோண்டி ஊற்றெடுத்தார்கள். தர்ப்பை உருவம் ஒரு நிமிஷத்தில் எரிந்துபோயிற்று. உமாபதி, “அண்ணா, தண்ணி குடிண்ணா” என்று கதறிக்கொண்டு எள்ளும் தண்ணீரும் இறைத்தார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அமாவாசை அந்த வருஷம் வெள்ளிக்கிழமையில் வந்தது. முந்தின நாள் வியாழக்கிழமை, அங்கே அவன் சட்டி நிறையக் குழம்பு வைத்திருப்பான். உண்மை தெரிந்த இரண்டு பேரில் நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இன்னொருத்தி தாலியைத் தானே கழற்றிக் கொடுத்தாள். முகத்தில் பூசிய மஞ்சளை அன்றைக்குக் கழுவியதுதான்.

மறு வருஷம் மாசியில் மிரேயிடமிருந்து கார்டு வந்தது. இந்தத் தடவை ஒரு வார்த்தை விடாமல் படித்தேன். “சமையல்காரரிடம் சொன்னேன். கிண்டிக்கொண்டிருந்தவர், திரும்பச் சொல்லு என்றார். இரண்டு தடவை சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டுப் பின்கதவு வழியாகப் போய்விட்டார். அன்று வியாழக்கிழமை, ஆனால் கறி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். நான் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டேனா?”

அக்கா தார் சுற்றிக்கொண்டே கேட்டாள். நூல் அறுபடவில்லை. வாசலில் அன்று நான் கூட்டிவந்த கனடாக்காரர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். பழக்கதோஷத்தில் நானே கேள்விக்குக் காத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. “அவங்களுக்குத் தறியக் காட்டுப்பா, நின்னுக்கினு இருக்காங்க” என்றாள். பிறகு, “நாளைக்கு வரும்போது கா கிலோ மஞ்சள் வாங்கிக்கினு வா.”

சித்திரையில் வடகம் உருட்டினாள். முற்றத்தில் ஒரு பக்கம் பாய் நிறைய மஞ்சள் மஞ்சளாக உருண்டை, இன்னொரு பக்கம் கழியில் வெண்பட்டு. உமாபதி பார்த்துவிட்டுப் பதறிப்போனார். “மஞ்சளா போட்டீங்க அண்ணி? நூலு காயுதே!”

“காயட்டும். காக்கா வந்தா நான் பாத்துக்கறேன்.”

ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு பாய் ஓரத்தில் உட்கார்ந்தாள். தெருவில் டூரிஸ்ட் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. பொழுது சாயும் வரை அக்கா அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.